வினைல் என்றாலே பயப்பட வேண்டுமா, டாக்டர்?

ஈரோடு மாவட்டத்தின் ஒரு சிறிய ஊரிலிருந்து 34 வயது வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி அதன் சாரத்தை மட்டும் தருகிறேன்.

ஃப்ளெக்ஸ் பேனரும் ஸ்டிக்கரும் அடிக்கும் கடையில் பல வருடங்களாக வேலை பார்க்கிறார். பிளாட்டரில் எழுத்து வெட்டுவது, வண்டிகளுக்கு வினைல் ஸ்டிக்கர் ஒட்டுவது, பெரிய மெஷினில் பேனர் ஓட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. பிறக்கப்போகும் குழந்தை தவழ வசதியாக இருக்கட்டுமென்று படுக்கையறையில் வினைல் தரை விரிப்பு ஒட்டினார்கள். பத்து நாளாகியும் வாடை போகவில்லை. அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் ரயில் தடம்புரண்டு வினைல் குளோரைடு எரிந்த வீடியோ அவர் செல்போனுக்கு வந்திருக்கிறது. “ஈரல் புற்றுநோய் தரும் விஷம்” என்று அதில் சொன்னதைக் கேட்டுப் பதறிப்போய் லேபில் ரத்தம் கொடுத்திருக்கிறார். ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி அளவு 71 என்று முடிவு வந்தது. “வினைல் என் ஈரலில் இறங்கிவிட்டது டாக்டர்” என்று எழுதுகிறார். சாயங்காலம் ஆனால் இருமலும் மூச்சு இறுக்கமும் வருகிறதாம், ஞாயிற்றுக்கிழமை இருப்பதில்லையாம். வேலையை விட்டுவிடவா, தரை விரிப்பைப் பெயர்த்து எடுக்கவா, அப்பா ஆசையாகச் சேர்த்த வினைல் இசைத்தட்டுகளைத் தூக்கிப் போடவா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் இப்படி ஒரு வரியும் இருக்கிறது: “கடையில் மிஞ்சும் துண்டுகளைப் பின்பக்கம் போட்டுக் கொளுத்திவிடுவோம். கொஞ்சம் வீட்டுக்கும் கொண்டுவருவேன், அம்மா வெந்நீர் அடுப்பு பற்றவைக்க ஆகும்.”

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தொடங்க நினைக்கிறேன். நீங்கள் பயந்து கேட்ட மூன்றும் சேர்ந்து தரும் ஆபத்தைவிட, பயமில்லாமல் சொல்லிவிட்டுப் போன அந்த ஒன்று தரும் ஆபத்து அதிகம். இன்றைக்கே அதை நிறுத்துங்கள். ஏன் என்று பின்னால் விவரமாகச் சொல்கிறேன். முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் குழப்பத்தைத் தீர்ப்போம்.

ஒரே பெயர், பல பொருட்கள்

வினைல் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பில் சேர்ந்த ஒரு சிறு தொகுதிக்கு வேதியியலில் அந்தப் பெயர். 1851-இல் கோல்பே என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திராட்சை மதுவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து அதை உருவாக்கினார். அந்தத் தொகுதியோடு எது சேர்கிறதோ அதைப் பொறுத்துப் பொருளின் குணம் முழுக்க மாறிவிடும். குளோரின் சேர்ந்தால் வினைல் குளோரைடு. அசெட்டேட் சேர்ந்தது வினைல் அசெட்டேட். தச்சர்கள் பயன்படுத்தும் பெவிகால் போன்ற வெள்ளைப் பசை அதிலிருந்துதான் வருகிறது. காயத்துக்குப் போடும் பெட்டாடினில் அயோடினைப் பிடித்து வைத்திருப்பது பாலிவினைல் பைரோலிடோன். கண் வறட்சிக்கு நாங்கள் எழுதித் தரும் சில சொட்டு மருந்துகளில் இருப்பது பாலிவினைல் ஆல்கஹால். பெயரில் வினைல் இருப்பதால் ஒன்று விஷம் என்றால், ஆஸ்பத்திரி மருந்து அலமாரியில் பாதியை வெளியே எறிய வேண்டியிருக்கும்.

கடைத்தெருவில் வினைல் என்று சொல்வது பெரும்பாலும் பிவிசியை, அதாவது பாலிவினைல் குளோரைடை. உங்கள் ஸ்டிக்கர் ரோல் பிவிசி படலம். ஃப்ளெக்ஸ், பாலியெஸ்டர் வலைமேல் பிவிசி பூசியது. தரை விரிப்பு, தண்ணீர்க் குழாய், ஒயரின் மேலுறை, ரத்தம் சேமிக்கும் பை என்று எங்கும் இருப்பது இதுதான்.

வினைல் குளோரைடு ஒரு வாயு. அதன் மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு திடப்பொருளாக மாறியதுதான் பிவிசி. சுட்ட சுண்ணாம்பு கையைப் பொத்துவிடும். அதையே சுவரில் பூசிக் காய்ந்தபின் சாய்ந்து உட்காருகிறோம் அல்லவா, அப்படித்தான் இதுவும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வினைல் குளோரைடு வாயுவை மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. அதே அமைப்பு பிவிசியை வைத்திருப்பது, புற்றுநோய் தருமென்று சொல்லப் போதிய சான்று இல்லாத மூன்றாம் பிரிவில்.

இன்னொன்று. தரை விரிப்பின் வாடையை வைத்து வினைல் குளோரைடு வருகிறது என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். வினைல் குளோரைடுக்கு லேசான இனிப்பு வாசனை உண்டு. ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 3,000 பங்கு இருந்தால்தான் மனித மூக்குக்குத் தெரியும். ரசாயன ஆலைத் தொழிலாளிக்கு அமெரிக்கா அனுமதிக்கும் எட்டு மணி நேர சராசரி அளவு பத்து லட்சத்தில் 1 பங்கு. உங்கள் படுக்கையறையில் 3,000 பங்கு இருக்க வாய்ப்பே இல்லை. நீங்கள் முகர்வது ஒட்டுப் பசையின் கரைப்பானையும் விரிப்பை மென்மையாக்கச் சேர்த்த பொருட்களையும்தான்.

வீடியோவில் பார்த்தது பொய்யா?

பொய் இல்லை. 2023 பிப்ரவரி 3 அன்று ஒஹாயோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் சரக்கு ரயில் தடம்புரண்டது. ஐந்து டேங்கர்களில் வினைல் குளோரைடு இருந்தது. அவை வெடித்துவிடும் என்று பயந்து, மூன்று நாள் கழித்து அதிகாரிகளே திறந்துவிட்டு எரித்தார்கள். நீங்கள் பார்த்த கரும்புகை அது. டேங்கரில் இருந்தது கச்சா வாயு. உங்கள் கடையில் இருக்கும் ரோல் அல்ல.

ஈரல் புற்றுநோய் விஷயமும் உண்மைதான். 1974 ஜனவரியில் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பிவிசி தயாரிக்கும் ஓர் ஆலை, தன் தொழிலாளர்கள் சிலர் ஈரலின் ரத்தக் குழாய்களில் வரும் மிக அபூர்வமான புற்றுநோயால் இறந்ததை அறிவித்தது. வாயுவைப் பிவிசியாக மாற்றும் பெரிய கலன்களுக்குள் இறங்கி, சுவரில் ஒட்டியதைச் சுரண்டுவது அந்தக் காலத்துத் தொழிலாளர்களின் வேலை. இன்றைய வரம்பைவிடப் பல நூறு மடங்கு வாயுவை வருடக்கணக்கில் சுவாசித்தார்கள். அவர்கள் உயிர் கொடுத்ததால்தான் உலகம் முழுக்க விதிகள் இறுகின. நம்மூரில் மேட்டூரிலும் கடலூரிலும் பிவிசி ஆலைகள் இருக்கின்றன. அங்கே கலன்களின் அருகே வேலை பார்க்கும் ஒருவர் இதே கேள்வியை எழுதியிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். ஆலைக் காற்றை அளந்த கணக்கையும் அவருடைய உடல் பரிசோதனைப் பதிவுகளையும் கேட்டிருப்பேன். நீங்கள் கையாளுவது கோத்து முடிந்த பொருளை.

எஸ்ஜிபிடி 71

லேப்கள் சாதாரணமாகச் சுமார் 40 வரை இயல்பு என்று போடும். 71 கொஞ்சம் கூடுதல். இதை வினைலின் வேலை என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. உங்கள் எடை 86 கிலோ, உயரம் ஐந்தடி ஆறு அங்குலம், வாரக் கடைசியில் பீர் குடிப்பதுண்டு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றையும் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈரலில் கொழுப்பு படிவது. வயிற்று ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகள் செய்யுங்கள். பி தொற்று இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். மதுவை அறவே நிறுத்திவிட்டு, மூன்று மாதம் கழித்து எஸ்ஜிபிடியைத் திரும்பப் பாருங்கள். நாட்டு மருந்தோ “ஈரல் சுத்தம்” செய்யும் பொடியோ சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், அவற்றில் சிலவே ஈரலைக் கெடுக்கும். உடலில் உள்ள விஷங்களையெல்லாம் கண்டுபிடிப்பதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் வாங்கும் பரிசோதனைத் தொகுப்பு உங்களுக்கு வேண்டாம்.

அடுப்பும் குப்பைத் தீயும்

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன்.

சுத்தமான பிவிசியின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். சும்மா கிடக்கும்வரை அது பிணைப்பிலேயே இருக்கும். தீ வைத்ததும் பிரிந்து ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவாக வெளியே வரும். ஈரத்தில் பட்டால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணிலும் மூக்கிலும் மூச்சுக்குழலிலும் ஈரம் இருக்கிறது. கொளுத்தும்போது கண் எரிவதும் தொண்டை கரகரப்பதும் இதனால்தான்.

அது உடனே தெரியும் பாதிப்பு. டையாக்ஸின் என்ற நச்சின் பாதிப்பு உடனே தெரியாது. குளோரின் உள்ள பொருளை அடுப்பிலும் குப்பைமேட்டிலும் போல அரைகுறை வெப்பத்தில் எரித்தால் டையாக்ஸின் வகைப் பொருட்கள் உண்டாகின்றன. அவை சாம்பலோடு மண்ணில் படியும், புல்லில் ஏறும், மாடு கோழி வழியாகப் பாலுக்கும் முட்டைக்கும் வரும், நம் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும். தாய்ப்பாலிலும் கலக்கும். கருவில் வளரும் குழந்தையின் மூளை வளர்ச்சியையும் ஹார்மோன்களையும் அவை பாதிக்கக்கூடும். போதாததற்குப் பழைய பிவிசி பொருட்கள் பலவற்றில் ஈய உப்புகள் கலந்திருக்கும். எரித்தபின் அந்த ஈயம் சாம்பலில் நிற்கும்.

உங்கள் மனைவி குளிக்கும் வெந்நீர் அந்த அடுப்பில்தான் காய்கிறது. அந்தச் சாம்பலை அம்மா செடிக்கோ பாத்திரம் தேய்க்கவோ எடுக்கிறார் என்றால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். ஃப்ளெக்ஸ் துண்டு சட்டென்று பற்றும், காசு கிடையாது. யாரும் இது தப்பென்று அவரிடம் சொன்னதில்லை. பன்னாடை, காய்ந்த ஓலை, தேங்காய் மட்டை போதும் பற்றவைக்க. “பேத்தியோ பேரனோ வரப்போகுதும்மா, இந்தப் புகை அவங்களுக்கு ஆகாது” என்று சொன்னால் மறுபேச்சு பேசமாட்டார் என்று நம்புகிறேன். ஈரோடு என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: அச்சடித்த பழைய ஃப்ளெக்ஸை விரித்து அதன்மேல் மஞ்சளோ மிளகாயோ உலர்த்தாதீர்கள். அந்த மை உணவோடு சேர்வதற்காகச் செய்யப்பட்டதல்ல.

கடையின் பின்பக்கம் கொளுத்துவதை முதலாளியிடம் பேசத் தயங்குகிறீர்கள். புரிகிறது, வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அவருடைய காசுக்கு வரும் ஆபத்தைச் சொல்லி ஆரம்பியுங்கள். திறந்தவெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் இழப்பீடு விதிக்கலாம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறது. துண்டுகளை மற்ற குப்பையோடு கலக்காமல் சாக்கில் கட்டிவைத்து, பிவிசி எடுக்கும் பழைய பொருள் வியாபாரியிடமோ உள்ளாட்சித் துப்புரவுப் பணியாளரிடமோ தரலாம். கூடுமானவரை அளவை ஒட்டி வெட்டினாலே வீணாகும் துண்டு குறையும். இதெல்லாம் அவர் கேட்காவிட்டாலும், தீ வைக்கும் வேலையை நீங்கள் செய்யாமலிருங்கள். எரியும்போது புகை போகும் பக்கம் நிற்காதீர்கள்.

வேலையை விடவா?

இப்போதைக்கு வேண்டாம். ஆனால் வேலை செய்யும் விதத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். சாயங்காலம் இருமல், ஞாயிற்றுக்கிழமை நிம்மதி என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்திலேயே மருத்துவரீதியாக முக்கியமான தகவல் அதுதான். வேலை நாளில் வந்து விடுமுறையில் குறையும் மூச்சுத் தொல்லையை நாங்கள் தொழில் சார்ந்த ஆஸ்துமாவோ என்று பார்ப்போம். காரணம் ரோல் அல்ல. எரிக்கும் புகையும், மெஷினில் ஓடும் மையின் கரைப்பானும்தான் என்று நினைக்கிறேன்.

பேனர் மெஷினில் பெரும்பாலும் சால்வென்ட் மை. சூடான தட்டில் அது ஆவியாகும். ஏசி குளிர் வெளியே போகக்கூடாதென்று கதவை மூடிவைத்தால், அதே ஆவியைத்தான் நாள் முழுக்க சுவாசிக்கிறீர்கள். ஏசி காற்றைக் குளிர்விக்கும், ஆவியை வெளியேற்றாது. மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் விசிறியும், எதிர்ப்பக்கத்தில் காற்று உள்ளே வர வழியும் வேண்டும். துணி மாஸ்க்கும் என்-95 மாஸ்க்கும் தூசியைத்தான் தடுக்கும். ஆவிக்கு, கரி நிரப்பிய வடிகட்டி உள்ள ரப்பர் மாஸ்க் தேவை. மை தெளிக்கும் ஹெட்டைக் கழுவும்போதும் மை மாற்றும்போதும் அதைப் போடுங்கள். கையைச் சால்வென்டால் துடைக்காதீர்கள், நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். புற ஊதா ஒளியில் மையைக் காயவைக்கும் யூவி மெஷினும் இருந்தால் அந்த மை தோலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், சிலருக்கு அது நிரந்தர ஒவ்வாமையை உண்டாக்கிவிடும்.

பிளாட்டர் கத்தியால் வெட்டுவதில் பயமில்லை. ஆனால் அக்ரிலிக் வெட்டும் லேசர் மெஷினில் வினைல் படலத்தையோ பிவிசி போர்டையோ ஒருபோதும் வைக்காதீர்கள். அடுப்பில் நடப்பதேதான் அங்கும் நடக்கும், அமில வாயு வந்து மெஷின் இரும்பையும் அரிக்கும். வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்ட ஹீட் கன் பிடிக்கும்போது படலம் இளகினால் போதும். கருகிப் புகை வந்தால் சூடு அதிகம்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவுக்குப் போய், மூச்சுத் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வேலை நாள் ஒன்றின் மாலையில் போனால் நல்லது. உங்கள் கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, சம்பளமும் வரம்புக்குள் இருந்தால் இஎஸ்ஐ உரிமை உண்டு, முதலாளியிடம் கேளுங்கள். நான்கைந்து பேர் கடை என்றால் அது கிடைக்காமல் போகலாம். எதுவானாலும் என்ன வேலை, என்ன மை, எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மை டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். நாளை வேலையால் வந்த நோய் என்று நிரூபிக்க வேண்டியிருந்தால் அந்தச் சீட்டுதான் பேசும்.

மருந்தும் காற்றோட்டமும் இருந்தும் மூச்சுத் திறன் குறைந்துகொண்டே போனால், அப்போது வேலை மாற்றத்தைப் பற்றி நேராகப் பேசுவோம். கடையிலேயே டிசைன் பக்கம் போவது ஒரு வழி.

கடையிலிருந்து வந்ததும் குளித்து, சட்டை மாற்றிவிட்டு மனைவி பக்கத்தில் உட்காருங்கள். அவர் கடைக்கு வந்து மெஷின் அறையில் இருக்க வேண்டாம். சில வகைக் கரைப்பான்கள் கருவைப் பாதிக்கும் என்பது தெரிந்த விஷயம், உங்கள் மையில் எது என்று லேபிள் பார்க்காமல் சொல்ல முடியாது.

தரை விரிப்பும் இசைத்தட்டும்

விரிப்பைப் பெயர்க்க வேண்டாம். பெயர்த்தால் அடியிலுள்ள பசை திறந்து வாடை கூடும், மறுபடி ஒட்டப் புதுப் பசை வேண்டும். வாடை போகும்வரை மனைவி வேறு அறையில் தூங்கட்டும். பகலில் ஜன்னல் கதவைத் திறந்து விசிறியை வெளிப்பக்கம் பார்த்து ஓடவிடுங்கள். ஒரு மாதத்துக்குப் பிறகும் வாடை அப்படியே இருந்தால் பசை சரியாகக் காயவில்லை, கீழே ஈரம் தங்கியிருக்கிறதா என்று ஒட்டியவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிவிசியை வளைய வைக்கத் தாலேட் என்ற எண்ணெய் போன்ற பொருட்களைச் சேர்ப்பார்கள். இவை மெல்ல வெளியேறி வீட்டுத் தூசியில் சேரும். 2004-இல் ஸ்வீடனில் வந்த ஓர் ஆய்வு, தூசியில் இவை அதிகமிருந்த வீடுகளின் குழந்தைகளிடம் ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. இதனால்தான் அது வந்தது என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, ஆனாலும் தவழும் குழந்தையின் கை நேராக வாய்க்குத்தான் போகும். அதனால் குழந்தை தவழத் தொடங்கியதும் பெருக்கித் தூசி கிளப்பாமல் தினம் ஈரத்துணியால் துடையுங்கள், மேலே ஒரு பருத்திப் பாயோ ஜமுக்காளமோ விரியுங்கள், கையை அடிக்கடி கழுவிவிடுங்கள். கடிக்கும் வயதில் திருவிழாக் கடை பிளாஸ்டிக் பொம்மை வேண்டாம், ஐஎஸ்ஐ முத்திரை பார்த்து வாங்குங்கள். 2021 ஜனவரியிலிருந்து இந்தியாவில் பொம்மைகளுக்கு அந்த முத்திரை கட்டாயம்.

இசைத்தட்டுகளைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி தட்டு வந்தபிறகுதான் வினைல் இந்தத் துறையில் நிலைத்தது. அதற்கு முந்தைய, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் கனமான தட்டுகள் அரக்கால் செய்தவை. கீழே விழுந்தால் உடையும். அப்பாவிடம் அப்படிச் சில இருக்கலாம், அவற்றில் வினைலே கிடையாது. எல்பியோ அரக்கோ, அலமாரியில் இருப்பதாலோ கேட்பதாலோ யாருக்கும் ஒன்றும் வராது. அட்டை உறையில் பூஞ்சை இருந்தால் மட்டும் உங்கள் இருமலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு வெளியே வைத்துத் துடையுங்கள், வெயிலில் காயவைத்தால் தட்டு வளைந்துவிடும். செங்குத்தாக அடுக்கி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். குழந்தைக்கு அவற்றைப் போட்டுக் காட்ட அப்பாவுக்கு ஆசை இருக்குமே, அதைக் கெடுக்காதீர்கள்.

மகப்பேறு மருத்துவரிடம் அடுத்த முறை போகும்போது உங்கள் தொழிலையும், இதுவரை அடுப்பில் ஃப்ளெக்ஸ் எரிந்ததையும் சொல்லுங்கள். வழக்கமான ஸ்கேன்களும் இரும்பு மாத்திரையும் அப்படியே தொடரட்டும். இதற்கென்று தனியாக ஸ்கேன் தேவைப்படாது. ரத்தத்தில் ஈய அளவு பார்க்கலாமா என்று அவரிடம் கேளுங்கள். அதிகமாக இருந்தால் செய்ய வேண்டியவை உண்டு என்பதால் அந்த ஒரு பரிசோதனைக்குப் பயன் இருக்கிறது.

உங்களுக்கு மூச்சு விடும்போது வீசிங் சத்தம், இரவில் இருமி விழிப்பது, சளியில் ரத்தம், கண் மஞ்சளாவது, காரணமில்லாமல் எடை குறைவது இவற்றில் ஏதாவது வந்தால் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மற்றபடி ஸ்பைரோமெட்ரி முடிவையும் மை லேபிளின் படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள், பார்த்துப் பதில் எழுதுகிறேன்.